தங்கச்சிமடம் கருவாட்டுக் கடைக்கு எந்தச் சொல்லில் ஆள் வரும்?

கேள்வி: ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் அப்பாவுக்குக் கருவாட்டுக் கடை. மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. சென்னை, கோவைக்குப் பார்சலும் போடுகிறோம். வெப்சைட் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது, அதன் வழியாக ஓர் ஆர்டர்கூட வரவில்லை. செய்து கொடுத்தவர்கள் 50 கீவேர்ட் (தேடல் சொல்) கொண்ட பட்டியல் ஒன்றைத் தந்து, இவற்றில் கூகுளின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவர மாதம் எட்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? லோக்கல் கீவேர்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? பட்டியலைக் கீழே இணைத்திருக்கிறேன்.

பதில்:

தம்பி, ஐம்பதையும் உட்கார்ந்து படித்தேன். 'பாம்பன் பாலம்' இருக்கிறது, 'ராமேஸ்வரம் கோயில் நடை திறக்கும் நேரம்' இருக்கிறது, 'தனுஷ்கோடி பஸ் டைமிங்' இருக்கிறது, 'பெஸ்ட் சீஃபுட் இன் இந்தியா' இருக்கிறது. கருவாடு என்ற சொல் வருவது ஏழே இடத்தில். தேடுபவர் எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்த சொற்களை எல்லாம் வாரிப்போட்டு எழுதிய பட்டியல் இது. பாம்பன் பாலத்தை நிறையப் பேர் தேடுவார்கள்தான். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் அப்படித் தேடுகிறவருக்கு வேண்டியது போட்டோ, ரயில் நேரம், 1914-ல் கட்டிய பழைய பாலத்தின் கதை. அவரிடம் போய் நெத்திலி கிலோ என்ன விலை என்று சொன்னால் அடுத்த நொடி வெளியே போய்விடுவார். அந்தச் சொல்லில் முதல் பக்கம் வருவது நடக்காது. நடந்தாலும் கல்லாவில் ஒரு ரூபாய் விழாது.

ராமநாதபுரத்தைச் சுற்றிச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் வேலை செய்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் கீழக்கரையில் டிடிபி சென்டர் வைத்திருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது ஒரு கடை இல்லை, இரண்டு கடை. ஒன்று, ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வேன்காரர் ஓரங்கட்டி இறங்கி வாங்கிப்போகும் ரோட்டோரக் கடை. இன்னொன்று, தாம்பரத்தில் உட்கார்ந்திருக்கிறவர் போனில் ஆர்டர் போடும் பார்சல் கடை. இந்த இரண்டு பேரும் ஒரே சொல்லைத் தட்டுவதில்லை. 'லோக்கல் கீவேர்ட்' என்றதும் எல்லாரும் 'நம் ஊர்ப் பெயர் சேர்த்தால் போதும்' என்று நினைக்கிறார்கள். எந்த ஊர்ப் பெயர் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. நாம் இருக்கும் ஊரின் பெயரா, வாங்குகிறவருக்குத் தெரிந்த ஊரின் பெயரா?

தாம்பரத்துக்காரருக்குத் தங்கச்சிமடம் தெரியாது. அக்காள்மடமும் தெரியாது. அவருக்கு இந்தத் தீவு முழுவதும் ராமேஸ்வரம்தான். அதனால் பார்சல் கடைக்கு உங்கள் ஊர்ச்சொல் 'ராமேஸ்வரம் கருவாடு'. பொய் சொல்கிறோமே என்று கூச வேண்டாம். முகவரியில் தங்கச்சிமடம் என்று தெளிவாக எழுதிவிட்டு, தலைப்பில் 'ராமேஸ்வரம் தீவிலிருந்து கருவாடு' என்று போடுங்கள், அது உண்மைதானே. சிலர் 'ராம்நாடு கருவாடு' என்று தேடுவார்கள். அரசு ஏட்டில் எப்போதோ ராமநாதபுரம் ஆகிவிட்டது, வெளியூரில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் வாயில் இன்னும் ராம்நாடுதான். அந்தச் சொல்லும் பக்கத்தில் எங்காவது இயல்பாக ஒரு தடவை வரட்டும்.

'ராமநாதபுரம்' என்று மட்டும் போட்டு நிறுத்தினால் இன்னொரு தொல்லை உண்டு. கோயம்புத்தூரில் திருச்சி ரோட்டில் ராமநாதபுரம் என்றே ஒரு பகுதி இருக்கிறது. கோவையில் இருந்துகொண்டு 'ராமநாதபுரம் மீன் கடை' என்று ஒருவர் தேடினால் கூகுள் அந்தத் தெருக்கடையைத்தான் காட்டும், அதுதான் நியாயமும்கூட. உங்களுக்கோ கோவையில் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், ஆகவே இது முக்கியம். இதே கதை நம் பக்கம் நிறைய. ஏர்வாடி திருநெல்வேலி மாவட்டத்திலும் ஒன்று உண்டு. மண்டபம் என்ற ஊர் இருக்கிறதே, அது எல்லாவற்றையும் விட மோசம். மண்டபத்தில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவருக்கு 'மண்டபம் ரூம் வாடகை' என்று போட்டுக்கொடுத்தேன். வந்த போன் எல்லாம் 'எத்தனை பேர் சாப்பிடலாம், ஏசி ஹாலா?' என்று கல்யாண வீட்டுக்காரர்கள். 'மண்டபம் கேம்ப்', 'பாம்பன் பாலத்துக்கு முன்னால்' என்று மாற்றிய பிறகுதான் நின்றது. ஊர்ப் பெயர் தனியாக நின்றால் வேறு எதையாவது குறிக்குமா என்று எழுதும் முன் ஒரு தடவை தேடிப் பார்த்துவிடுங்கள்.

சரி, ரோட்டோரக் கடைக்கு வருவோம். இங்கே வெப்சைட்டை விட கூகுள் மேப்பில் உள்ள உங்கள் கடைப் பதிவுதான் வேலை செய்யும். பாம்பன் பாலம் தாண்டி வருகிற வண்டியில் இருக்கிறவர் 'கருவாடு கடை' என்று மட்டும்தான் தட்டுவார், அல்லது மைக்கை அழுத்திச் சொல்வார். ஊர்ப் பெயரை அவர் சொல்ல வேண்டியதே இல்லை, அவர் நிற்கும் இடம் போனுக்குத் தெரியும். பொருத்தம், தூரம், கடைக்கு இருக்கும் புகழ் ஆகிய மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துகிறோம் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. தூரத்தை உங்களால் மாற்ற முடியாது. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் தேடினால் அங்கே பக்கத்தில் உள்ள கடைதான் மேலே வரும், அதற்காக மெனக்கெட வேண்டாம். 'நியர் மீ' என்று பக்கம் பூராவும் எழுதிவைப்பதும் வீண் வேலை.

உங்கள் கையில் இருப்பது பொருத்தம். கடை வகையைக் கேட்கும் இடத்தில் மளிகை, ஜெனரல் ஸ்டோர் என்று பொதுவாக விட்டுவிடாமல், அவர்கள் காட்டும் பட்டியலில் உலர் மீனுக்கு எது மிக நெருக்கமோ அதைத் தேர்ந்தெடுங்கள். விவரத்தில் என்னென்ன கருவாடு இருக்கிறது என்று எழுதுங்கள். கடைப் பெயரில் மட்டும் கைவைக்காதீர்கள். போர்டில் அப்பா பெயரில் 'ஸ்டோர்ஸ்' என்று இருந்தால் மேப்பிலும் அதேதான் இருக்க வேண்டும். பின்னால் 'பெஸ்ட் கருவாடு ராமேஸ்வரம் பாம்பன்' என்று வால் ஒட்டுவது கூகுள் விதிக்கு விரோதம். யாராவது புகார் கொடுத்தால் பதிவையே முடக்கிவிடுவார்கள், அதை மீட்க நாயாய் அலைய வேண்டும். சுற்றுலா சீசன் நடுவில் அப்படி முடங்கிய கடை ஒன்றை எனக்குத் தெரியும்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். நான் அதிகம் ரசிக்கும் பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

கடையில் அப்பா சொல்கிற பெயரும் வாங்குகிறவர் சொல்கிற பெயரும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். நம் பக்கம் சீலா என்றால் சென்னையில் அது வஞ்சிரம். நாகர்கோவில் பக்கம் போனால் நெய்மீன். சென்னைக்காரர் ஷீலா என்று சொன்னால் அவர் மனதில் இருப்பது நாம் ஊளி என்கிற மீன். பாம்பனில் ஒரு கடைக்காரர் வெப்சைட்டில் 'சீலா கருவாடு' என்று மட்டும் எழுதி விலையும் போட்டிருந்தார். சென்னையிலிருந்து ஒருவர் போன் பண்ணி, 'ஷீலாவுக்கா இவ்வளவு விலை, கொள்ளை அடிக்கிறீங்களா?' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். கடைக்காரருக்குக் கடைசி வரை என்ன தப்பு என்றே புரியவில்லை. 'வஞ்சிரம் (சீலா) கருவாடு' என்று மாற்றினோம், அப்புறம் அந்தச் சண்டை வரவில்லை. கூகுளுக்குப் பொதுவான இணைப்பெயர்கள் கொஞ்சம் தெரியும். ஊருக்கு ஊர் மாறும் மீன் பெயர் விஷயத்தில் அதை நம்பி இருக்க முடியாது. நெத்திலியைக் கன்னியாகுமரிப் பக்கம் நெத்தோலி என்பார்கள். பொடி இறாலான சென்னாக்குன்னியை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள், சிலர் வெறும் கூனி என்பார்கள். ஒவ்வொரு கருவாட்டுக்கும் தனிப் பக்கம் போட்டு, தலைப்பில் வாங்குகிறவரின் பெயரையும் உள்ளே முதல் பத்தியில் நம் பெயரையும் மற்ற ஊர்ப் பெயர்களையும் ஒரு வாக்கியத்தில் எழுதிவிட்டால் போதும்.

எழுத்தும் ஒரு பிரச்சினை. ஒரே ஆள் 'கருவாடு' என்பதைத் தமிழில் தட்டுவார், ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டுவார், 'டிரை ஃபிஷ்' என்றும் தட்டுவார். ஆங்கில எழுத்தில் ராமேஸ்வரத்துக்கு 'எஸ்' பின்னால் 'எச்' போடுகிறவரும் உண்டு, போடாதவரும் உண்டு. கீழக்கரையைக் 'கி' என்று ஆரம்பிப்பவர் பாதி, 'கீ' என்று இழுப்பவர் பாதி. இத்தனைக்கும் தனித்தனிப் பக்கம் போட வேண்டாம், எழுத்துப் பிழைகளைக் கூகுள் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். தலைப்பில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருளின் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே என் பழைய தொழில் சம்பந்தமான ஒரு விஷயம். உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன். விலைப்பட்டியல் அழகாக இருக்கிறது, ஆனால் அது பிரஸ்ஸில் அடித்த நோட்டீஸின் படம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலில் வர முடியாது. 'எங்களைப் பற்றி' பக்கத்தில் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குழம்பிக் கிடக்கிறது. டிடிபியில் பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்துரு உள்ள கம்ப்யூட்டரில்தான் அது தமிழாகத் தெரியும். கூகுளுக்கு அது தமிழே இல்லை. ஏழு மாதமாக உங்கள் தளத்தில் படிக்கும் பகுதியில் தமிழில் 'கருவாடு' என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை, தம்பி. எல்லாவற்றையும் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் மறுபடி அடியுங்கள். எட்டாயிரம் கேட்டவர்கள் முதலில் இதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்!

அவர்கள் அந்த ஐம்பதையும் மெட்டா கீவேர்டில், அதாவது பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் இருக்கும் குறிப்பில், திணித்திருப்பதையும் பார்த்தேன். வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இருந்தால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை.

சொற்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். டூலைத் திறக்கும் முன் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். இரண்டு வாரத்துக்குப் போனில், வாட்ஸ்அப்பில், நேரில் வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். அப்பா சலித்துக்கொள்வார், பரவாயில்லை. இந்தக் கரையில் நான் பார்த்த நோட்டுகளில் திரும்பத் திரும்ப வந்தவை: 'நெத்திலியில் மணல் இருக்குமா?', 'உப்பு கம்மியா இருக்கிற கருவாடு இருக்கா?', 'பஸ்ஸில் கொண்டுபோனால் வாடை வருமா?', 'துபாய்க்குக் கொண்டுபோகிற மாதிரி வேக்கம் பேக்கிங் பண்ணித் தருவீங்களா?' கடைசிக் கேள்வி கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து வீடுகளிலிருந்து வரும். இவை நான்கும் கீவேர்ட்தான். 'மணல் இல்லாத நெத்திலி கருவாடு' என்று ஒருவர் தேடுகிறார் என்றால் அவர் ஏற்கெனவே மணலோடு வாங்கிக் கடித்து ஏமாந்தவர், இந்தத் தடவை காசு கொடுக்கத் தயாராக இருப்பவர். நீங்கள் தரையில் பரப்பாமல் வலை கட்டிக் காயவைக்கிறீர்கள் என்றால் அதை இரண்டு போட்டோவோடு அந்தப் பக்கத்தில் எழுதுங்கள்.

அதற்கப்புறம் கூகுளின் தேடல் பெட்டி. இன்காக்னிடோவில் (உங்கள் பழைய தேடல்கள் கலக்காத தனி ஜன்னலில்) திறந்து 'ராமேஸ்வரம் கரு' வரை தட்டி நிறுத்துங்கள், கீழே விழும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 'நெத்திலி கருவாடு' என்று தட்டி ஓர் இடைவெளி விட்டுப் பாருங்கள். தமிழில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை. பக்கத்தின் அடியில் வரும் தொடர்புடைய தேடல்களையும் பாருங்கள்.

கூகுளில் விளம்பரக் கணக்கு தொடங்கினால், அதில் உள்ள கீவேர்ட் பிளானரில் ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற எண்ணிக்கை பார்க்கலாம். விளம்பரத்துக்குக் காசு செலவழிக்காதவருக்கு அது பத்திலிருந்து நூறு, நூறிலிருந்து ஆயிரம் என்று மொத்தமாகத்தான் காட்டும். தங்கச்சிமடம் மாதிரிச் சொல்லுக்குக் காலியாகவே விடும். அதைப் பார்த்து 'யாரும் தேடவில்லை' என்று முடிவு கட்டாதீர்கள். மாதம் பத்துப் பேர் தேடி அதில் மூன்று பேர் இரண்டு கிலோ வாங்கினால் உங்கள் அளவுக்கு அது நல்ல சொல்தான். தேடல் ஏறி இறங்குவதைக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸையும் இதே கண்ணோடு பாருங்கள். சின்ன ஊர்ப் பெயருக்குப் போதிய தரவு இல்லை என்றுதான் வரும். 'கருவாடு' என்ற பொதுச் சொல்லைத் தமிழ்நாடு அளவில் வைத்து எந்த மாதத்தில் ஏறுகிறது என்று பார்க்க மட்டும் அது உதவும்.

மாதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடி, தை அமாவாசைக்கு ஊர் நிரம்பி வழியும். உங்கள் பட்டியலில் 'ஆடி அமாவாசை ராமேஸ்வரம்' என்றும் ஒன்று இருக்கிறது. விரதம் இருந்து அக்னி தீர்த்தத்தில் முழுக வருகிறவரிடம் கருவாடு விற்கப் பார்ப்பது யாருடைய யோசனையோ! நீங்கள் கவனிக்க வேண்டியது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரும் 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த நாட்களில் 'கருவாடு ஸ்டாக் இருக்கா?' என்றுதான் போன் வரும். ஏப்ரல் பிறக்கும் முன்பே விலைப் பக்கத்தைப் புதுப்பித்து, எது இருக்கிறது, எது தீர்ந்தது என்று எழுத்தில் போட்டுவிடுங்கள்.

'கருவாடு ஆன்லைன்' என்ற சொல்லுக்கு ஆசைப்பட வேண்டாம். பெரிய விற்பனைத் தளங்கள் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. 'கருவாட்டுக் குழம்பு செய்வது எப்படி' என்பதும் வேண்டாம், அவர் ஏற்கெனவே கருவாட்டை வாங்கி ஊறப்போட்டுவிட்டுத்தான் தேடுகிறார். 'ராமேஸ்வரம் நெத்திலி கருவாடு', 'வஞ்சிரம் கருவாடு கிலோ விலை', 'ராமேஸ்வரம் கருவாடு சென்னை டெலிவரி' என்று பொருளும் ஊரும் தேவையும் சேர்ந்து வரும் சொற்களில்தான் உங்களுக்கு இடம் கிடைக்கும்.

நான் செய்த ஒரு தப்பை நீங்கள் செய்யாமல் இருக்கச் சொல்கிறேன். ஏசி மெக்கானிக் ஒருவருக்கு உச்சிப்புளி, தேவிபட்டினம், திருப்புல்லாணி, சாயல்குடி, தொண்டி என்று பதினெட்டு ஊருக்குப் பதினெட்டுப் பக்கம் போட்டேன். ஊர்ப் பெயரைத் தவிர மற்ற எழுத்தெல்லாம் ஒன்றேதான். இரண்டு மாதம் நன்றாக வந்தது, பிறகு ஒவ்வொன்றாகத் தேடலிலிருந்து காணாமல் போனது. இப்படி வாசல் மாதிரி மட்டும் இருக்கும் பக்கங்களையும், ஊர்ப் பெயர்களைக் கட்டுக்கட்டாக அடுக்குவதையும் கூகுள் ஸ்பாம் என்றே வைத்திருக்கிறது. ஓர் ஊரைப் பற்றி எழுத உண்மையிலேயே வேறு விஷயம் இருந்தால் மட்டும் அந்த ஊருக்குத் தனிப் பக்கம். உங்களுக்குச் சென்னை டெலிவரிக்கு ஒன்று போடலாம். எந்த நாளில் பார்சல் கிளம்பும், எத்தனை நாளில் சேரும், எத்தனை கிலோவுக்கு என்ன கூரியர் செலவு என்று எழுத அங்கே விஷயம் இருக்கிறது.

இதையெல்லாம் மாற்றிய பிறகு கூகுளின் சர்ச் கன்சோலைத் தளத்தோடு இணைத்துவிட்டு இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். எந்தச் சொல்லைத் தட்டியபோது உங்கள் பக்கம் கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அது காட்டும். 16 மாதம் வரை பழைய கணக்கும் இருக்கும். மிக அபூர்வமான தேடல்களை மட்டும் அந்தரங்கம் கருதி மறைத்துவிடுவார்கள். அதில் எட்டாவது இடத்திலிருந்து இருபதாவது இடம் வரை நிற்கும் சொற்களைப் பாருங்கள். உங்களுக்கே தெரியாமல் நீங்கள் பாதி ஜெயித்துவைத்திருக்கும் சொற்கள் அவை. அந்தச் சொல்லுக்கு உரிய பக்கத்தில் இன்னும் நான்கு வரி சேர்த்தாலே பல நேரம் மேலே ஏறும்.

எட்டாயிரம் விஷயம்: இந்த ஐம்பது சொல்லுக்குக் கொடுக்க வேண்டாம். அதில் ஒரு மாதத் தொகையை எடுத்து, யூனிகோடில் தட்டத் தெரிந்த ஒருவரை வைத்து ஏழெட்டு வகைக் கருவாட்டுக்கும் பக்கம் எழுதி வாங்குங்கள். வலையில் நெத்திலி காயும் படத்தை நீங்களே காலை ஏழு மணி வெயிலில் எடுத்துவிடலாம். அந்த நோட்டை மட்டும் முதலில் தொடங்குங்கள், இரண்டு வாரம் கழித்து அதைப் போட்டோ எடுத்து அனுப்பினால் எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் என்று பிரித்துத் தருகிறேன்.